4ஜி63 டர்போ எஞ்சினில் ஸ்ட்ரோக்கைக் கூட்டலாமா? 88, 94, 100 மி.மீ. க்ராங்குகளுக்கு இடையே ஒரு தேர்வு

கேள்வியின் சுருக்கம் இது. மிட்சுபிஷி லான்சர் எவோ 9 காரின் 4ஜி63 எஞ்சின் பிரிக்கப்பட்டு மேசைமேல் இருக்கிறது. பேரிங் தேய்ந்து, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் க்ராங்க் ஷாஃப்ட்டில் கீறல் விழுந்துவிட்டதால் எப்படியும் புதிய க்ராங்க் வாங்க வேண்டும். இலக்கு 500 குதிரைத்திறன். எரிபொருள் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல். கார் சாலையிலும் ஓடும், அவ்வப்போது ரேஸ் ட்ராக்கிலும் ஓடும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் தூரம், கம்பெனி கொடுத்த 88 மி.மீ.யிலேயே இருப்பதா, 4ஜி64 எஞ்சினின் 100 மி.மீ. க்ராங்கைப் போட்டு 2.3 லிட்டர் ஆக்குவதா? ஸ்ட்ரோக் கூடினால் பவர் கூடும் என்கிறார் ஒரு மெக்கானிக்; ஸ்ட்ரோக் கூடினால் எஞ்சின் உடையும் என்கிறார் இன்னொருவர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்கு நான் 94 மி.மீ. க்ராங்கைத்தான் போடுவேன், எஞ்சினை 7600 ஆர்பிஎம்முக்கு மேல் விடமாட்டேன். இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தச் சொல்லும் நடுவழி அல்ல இது. கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் உங்கள் தேவை நாளை மாறினாலும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

பவர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். எரியும் வாயு பிஸ்டனை ஒரு சுழற்சியில் சராசரியாக எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது, எல்லா பிஸ்டன்களின் மேல்பரப்பும் சேர்ந்து எவ்வளவு, பிஸ்டனின் சராசரி வேகம் என்ன: இந்த மூன்றையும் பெருக்கி நான்கால் வகுத்தால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் பவர் கிடைத்துவிடும். இதில் ஸ்ட்ரோக்குக்குத் தனி இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்பிஎம்முடன் சேர்ந்து பிஸ்டன் வேகத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. பிஸ்டன் வேகத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டால், ஸ்ட்ரோக்கைக் கூட்டும் அதே விகிதத்தில் ஆர்பிஎம்மைக் குறைத்தாக வேண்டும். உச்ச பவர் அப்படியே நிற்கும். 88 மி.மீ. ஸ்ட்ரோக் 8000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 23.5 மீட்டர் சராசரி வேகம் தருகிறது. 100 மி.மீ. ஸ்ட்ரோக் அதே வேகத்தை ஏறக்குறைய 7040 ஆர்பிஎம்மிலேயே எட்டிவிடுகிறது.

இதற்குச் சரித்திரத்தில் நல்ல சான்று உண்டு. 1983-இல் நெல்சன் பிக்கே பிராபம் காரில் ஃபார்முலா 1 பட்டம் வென்றபோது பின்னால் இருந்தது பிஎம்டபிள்யூவின் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். சாலைக் காரின் இரும்பு பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது அது. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 89.2 மி.மீ., ஸ்ட்ரோக் வெறும் 60 மி.மீ., கொள்ளளவு 1.5 லிட்டர். ஆனால் அதன் நான்கு பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு 250 சதுர செ.மீ. உங்கள் இரண்டு லிட்டர் 4ஜி63-இன் பரப்போ 227 சதுர செ.மீ.தான். லிட்டரில் சின்னதாகத் தெரிந்த அந்த எஞ்சின் பிஸ்டன் பரப்பில் பெரியது. 11,000 ஆர்பிஎம்மில் அதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 22 மீட்டர், அதாவது உங்கள் எஞ்சின் 7500-இல் எட்டும் வேகம். குட்டை ஸ்ட்ரோக்கால் அதற்கு எந்த பவரும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் நீள ஸ்ட்ரோக் எதைத் தருகிறது? டார்க்கை, அதாவது திருப்புவிசையை, தருகிறது. அதே பவரைக் கீழிறங்கிய ஆர்பிஎம்மில் கொண்டுவந்து வைக்கிறது. 500 குதிரைத்திறன் என்பது 373 கிலோவாட். அது 8000 ஆர்பிஎம்மில் கிடைக்க 445 நியூட்டன் மீட்டர் டார்க் போதும்; 7040-இல் கிடைக்க 506 வேண்டும். எவ்வளவு பவர் வேண்டும் என்று கேட்டால் ஸ்ட்ரோக்கிடம் பதில் கிடையாது. அந்த பவர் எந்த ஆர்பிஎம்மில் வேண்டும் என்று கேட்டால்தான் ஸ்ட்ரோக் பேசத் தொடங்குகிறது.

சராசரி வேகம் மட்டுமே எல்லை இல்லை என்று நீங்கள் மறுக்கலாம். சரியான மறுப்பு. பிஸ்டனை க்ராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டையும் உடைப்பது வேகத்தைவிட முடுக்கம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் முடுக்கம் உச்சத்தைத் தொடுகிறது. 150 மி.மீ. ராடுடன் 88 மி.மீ. ஸ்ட்ரோக் 8000 ஆர்பிஎம்மில் சுழலும்போது அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 4070 மடங்கு. அதே ராடும் அதே ஆர்பிஎம்மும் இருக்க, 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அது 4770 மடங்காகிறது. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால் ராடை இழுக்கும் விசை 2.4 டன்னிலிருந்து 2.9 டன்னுக்கு ஏறுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலே எதிர்த்துத் தாங்க வாயு அழுத்தம் பெரிதாக இருக்காது. முழு இழுப்பும் போல்ட்டின் தலையில். ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 66 தடவைக்கு மேல் இது நடக்கிறது.

17 சதவீதம் கூடுதல் இழுப்பு. "ஸ்ட்ரோக் கூடினால் உடையும்" என்றவர் இதைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் முடுக்கம் ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவதால், இறங்கும்போதும் வேகமாக இறங்கும். 100 மி.மீ. எஞ்சினை 7400-இல் நிறுத்திவிட்டால் ராடு உணரும் இழுப்பு 88 மி.மீ. எஞ்சின் 8000-இல் உணர்வதற்குச் சமம். 94 மி.மீ.க்கு அந்த எல்லை 7680. இப்போது பவரைக் கணக்கிடுங்கள். 100 மி.மீ.யில் கொள்ளளவு 13.6 சதவீதம் கூடி 2270 சிசி ஆகிறது, ஆர்பிஎம் 7.6 சதவீதம் குறைகிறது. அதே அழுத்தத்தில் பவர் 5 சதவீதம்தான் கூடுகிறது. 94 மி.மீ.யில் கொள்ளளவு 2134 சிசி, பவர் கூடுவது இரண்டரை சதவீதம். க்ராங்க், பிஸ்டன், பிளாக் வேலை எல்லாவற்றுக்கும் செலவிட்டு உச்ச பவரில் நீங்கள் பெறும் லாபம் இவ்வளவே. டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தை ஓர் அளவு பெரிதாக்கினால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் 88-லேயே இருங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணம் உங்கள் எரிபொருள்.

டர்போ எஞ்சினில் ஸ்ட்ரோக்கின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. போர் மாறாமல் ஸ்ட்ரோக் மட்டும் கூடும்போது, ஒரே பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம் மாறாதபோது, பிஸ்டன் தலையில் விழும் வாயு விசை மாறுவதில்லை. சிலிண்டரில் உச்ச அழுத்தம் 150 பார் என்றால் 85 மி.மீ. பிஸ்டன்மேல் விழுவது 8.7 டன். 88 மி.மீ. ஸ்ட்ரோக்கிலும் அதுதான், 100 மி.மீ.யிலும் அதுதான். ஹெட் காஸ்கெட்டும் ஹெட் ஸ்டட்டும் பிஸ்டனும் எந்த வேறுபாட்டையும் உணராது. ஆனால் அந்த விசை பிடித்துத் திருப்பும் கரம் நீண்டிருப்பதால் டார்க் கூடிவிடுகிறது. இதையே திருப்பிச் சொன்னால், வேண்டிய டார்க்கைக் குறைந்த சிலிண்டர் அழுத்தத்தில் எடுத்துவிடலாம். அழுத்தம் குறைந்தால் நாக்கிங், அதாவது தீ வந்து சேருமுன் கலவை தானாகப் பற்றிக்கொள்வது, தள்ளிப்போகும். பங்க் பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு முதலில் தலையில் இடிக்கும் கூரை நாக்கிங்தான். ராடு போல்ட் அல்ல.

எண்களில் பார்ப்போம். 88 மி.மீ. எஞ்சின் 8000-இல் 500 குதிரைத்திறன் தர, சராசரி பயன் அழுத்தம், அதாவது முதல் கணக்கில் வந்த சராசரி அழுத்தம், 28 பார் வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் 8000 வரை மூச்சு விட முடியாமல் 7500-இலேயே உச்சத்தைத் தொட்டால் 30 பார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நவீன எஞ்சின்: 2019-இல் வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் எம்139. இரண்டு லிட்டர், 83 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், 6750 ஆர்பிஎம்மில் 421 குதிரைத்திறன். அந்தப் புள்ளியில் அதன் சராசரி பயன் அழுத்தம் 27.6 பார். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சி, அது ஆவியாகும் குளிர்ச்சியை நாக்கிங்குக்கு எதிராகப் பயன்படுத்தும் எஞ்சின் அது. உங்கள் 4ஜி63 இன்டேக் போர்ட்டில் பீய்ச்சும் பழைய தலைமுறை. அதனிடம் பங்க் பெட்ரோலில் 28 பாருக்கு மேல் கேட்பது, வெயில் நாளில் ட்ராக்கில் தொடர்ந்து பல சுற்றுகள் ஓட்டும்போது, ஆபத்தான கோரிக்கை. 94 மி.மீ. ஸ்ட்ரோக் 7600-இல் 27.6 பாரில் 500-ஐத் தந்துவிடும். 100 மி.மீ. ஸ்ட்ரோக் 7400-இல் 26.6 பாரில் தரும். இன்டர்கூலர் நன்றாக இருந்து 98 ஆக்டேன் கிடைத்தால் 94-இன் கணக்கு நடக்கக்கூடியது. 95 ஆக்டேன்தான் கிடைக்கும் என்றால் எந்த க்ராங்க் போட்டாலும் இலக்கை 450-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது தண்ணீர்-மெத்தனால் பீய்ச்சும் அமைப்பைச் சேருங்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைந்துவிட வேண்டும். நீள ஸ்ட்ரோக் எஞ்சின் நாக்கிங்கைத் தாங்கும் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது ஒரே கொள்ளளவில் போரைக் குறைத்து ஸ்ட்ரோக்கைக் கூட்டும்போது பொருந்தும். போர் சுருங்குவதால் தீ பரவ வேண்டிய தூரம் குறைகிறது, மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்வதற்குள் தீ அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எம்139-இன் 83 மி.மீ. போருக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. உங்கள் எஞ்சினில் போர் 85-லேயே நிற்கிறது. தீ பரவும் தூரம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. உங்களுக்குக் கிடைப்பது குறைந்த அழுத்தத்தில் அதே டார்க் என்ற ஒரு லாபம் மட்டுமே. பூஸ்ட்டைப் பழைய அளவிலேயே வைத்து கூடுதல் டார்க்கை அனுபவிக்கப் போனால் நாக்கிங்கில் எந்தச் சலுகையும் கிடைக்காது.

சரி, அப்படியானால் 100 மி.மீ.க்கே போய்விடலாமே? 26.6 பார் இன்னும் பாதுகாப்பானதாயிற்றே? இந்தக் கேள்விக்குப் பதில் க்ராங்கின் உடம்பிலேயே இருக்கிறது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

4ஜி63 க்ராங்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) 57 மி.மீ. விட்டம், ராடு பிடிக்கும் ஜர்னல் 45 மி.மீ. இரண்டின் ஆரங்களையும் கூட்டினால் 51 மி.மீ. இரு மையங்களுக்கும் இடையிலான தூரம் ஸ்ட்ரோக்கில் பாதி. 88 மி.மீ. க்ராங்கில் அது 44. எனவே பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு ஜர்னல்களும் 7 மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அந்தப் படிவுதான் க்ராங்கின் முதுகெலும்பு. வளைப்பும் முறுக்கும் அதன் வழியாகத்தான் நேராகக் கடந்து போகின்றன. 94 மி.மீ.யில் படிவு 4 மி.மீ. ஆகிறது. 100 மி.மீ.யில் வெறும் 1 மி.மீ. அதன் பிறகு ஜர்னலிலிருந்து ஜர்னலுக்குப் போகும் விசை முழுவதும் இடையில் உள்ள மெல்லிய தகட்டைத்தான் நம்ப வேண்டும். விறைப்பு குறைந்தால் க்ராங்கின் முறுக்கு அதிர்வு எண் இறங்கும்; முன்பு ஓட்டும் வரம்புக்கு மேலே இருந்த அதிர்வு இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். நல்ல எஃகில் அடித்தோ குடைந்தோ செய்த க்ராங்கும் அதிர்வை அடக்கும் தரமான டாம்பரும் இதைச் சமாளிக்கும், சமாளித்தும் இருக்கின்றன. ஆனால் பழைய கடையில் கிடைத்த 4ஜி64 க்ராங்கை 500 குதிரைத்திறனுக்கு நம்பிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சுழற்சிக்கு இரண்டு முறை வரும் இரண்டாம்நிலை விசை ஈடாகாமல் நிற்கும். மிட்சுபிஷி இதற்காகவே பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை வைத்தது. இந்த விசை ஸ்ட்ரோக்கோடும் ஏறும், ராடு ஒப்பீட்டில் குட்டையாவதாலும் ஏறும். இரண்டும் சேர்ந்து 100 மி.மீ. எஞ்சினில், ஒரே ஆர்பிஎம்மில், 29 சதவீதம் கூடுதல். 94-இல் 14 சதவீதம். பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டையும் கெடுத்துவிடும் என்ற பயத்தில் பெரும்பாலானோர் அதைக் கழற்றிவிடுவார்கள். நீங்களும் கழற்றுவீர்கள் என்று நினைக்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் கழற்றிய பிறகு 100 மி.மீ. எஞ்சின் அனுப்பும் நடுக்கம் ஸ்டீயரிங்கில் மட்டும் தெரிவதில்லை. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், எரிபொருள் குழாய், டர்போ மேனிஃபோல்டின் வெல்டிங் என்று கை வைக்கும் இடத்தையெல்லாம் அது தளர்த்தும். சாலையில் தினமும் ஓடும் காருக்கு இது பெரிய விஷயம்.

பிஸ்டனுக்கு வருவோம். 4ஜி63 பிளாக்கின் உயரம், அதாவது க்ராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை, 229 மி.மீ. இதில் ஸ்ட்ரோக்கில் பாதியையும் ராடின் நீளத்தையும் கழித்தால் மிஞ்சுவது பிஸ்டன் பின்னுக்கு மேலே உள்ள உயரம். 88-க்கு அது 35 மி.மீ. 94-க்கு 32. 100-க்கு 29. பின்னின் விட்டம் 22 என்றால் 29 மி.மீ. பிஸ்டனில் பின்னின் மேல்விளிம்புக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே 18 மி.மீ.தான் இருக்கும். அதற்குள் மூன்று ரிங்குகளும், டர்போ வெப்பத்தைத் தாங்கும் தடிமனான முதல் விளிம்பும், வால்வுக்கான பள்ளமும், தலையிலுள்ள குழிவும் அடங்க வேண்டும். அடங்கும், ஆனால் இடைவெளி மிச்சம் இருக்காது. ராடு விகிதத்தை மேம்படுத்துகிறேன் என்று 156 மி.மீ. ராடை 100 மி.மீ. க்ராங்குடன் இந்த பிளாக்கில் திணிக்க நினைப்பவர்களுக்கு மிஞ்சுவது 23 மி.மீ.; ஆயில் ரிங் பின் துளைக்குள் இறங்கிவிடும். பூஸ்ட் போடும் எஞ்சினில் அந்த யோசனையே வேண்டாம்.

ராடு விகிதத்தைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதிக்குப் பொருளே இல்லை. 88-க்கு 1.70, 94-க்கு 1.60, 100-க்கு 1.50. பிஸ்டன் மேலே தங்கும் நேரம், காற்றை உறிஞ்சும் வேகம் என்று இதை வைத்துக் கட்டப்படும் கோட்பாடுகள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ எஞ்சினில் அளவிடக்கூடிய வேறுபாடாக வெளிப்படுவது அரிது. உண்மையில் எண்ண வேண்டியது ராடின் சாய்வு. அது 17 பாகையிலிருந்து 100 மி.மீ.யில் 19.5 பாகையாகிறது, சிலிண்டர் சுவரில் பிஸ்டன் சாயும் விசை 15 சதவீதம் கூடுகிறது. பிஸ்டனின் பாவாடைப் பகுதி குட்டையாகவும் ஆகிவிட்ட நிலையில் இந்தச் சாய்வு தேய்மானத்தைக் கூட்டும், எண்ணெய் குடிப்பதைக் கூட்டும். கீழே போகும்போது பிஸ்டன் 6 மி.மீ. கூடுதலாகச் சிலிண்டரை விட்டு வெளியே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோருக்கும் பிடித்த ஸ்பூல், அதாவது டர்போ சுழன்று முழு பூஸ்ட்டுக்கு வருவது. எக்ஸாஸ்ட் வாயுவின் ஓட்டம் கொள்ளளவைப் பொறுத்தது, எனவே 2.0 லிட்டரில் 4500-இல் முழு பூஸ்ட்டுக்கு வரும் டர்போ 2.3 லிட்டரில் 4000-க்குச் சற்று முன்பே வரலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது, ஓட்டிப்பார்த்தாலும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மறுமுனையையும் பாருங்கள். 2.0 எஞ்சினின் வரம்பு 4500 முதல் 8500 வரை என்றால் விகிதம் 1.89. 2.3-இன் வரம்பு 3960 முதல் 7480 வரை. விகிதம் அதே 1.89. கியர் மாற்றும்போது ஆர்பிஎம் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதுதான் கியர்பாக்ஸுக்குத் தெரியும்; எத்தனை ஆர்பிஎம் என்பது அல்ல. ஆகவே ட்ராக்கில் எஞ்சின் பூஸ்ட்டுக்குள் இருக்கும் பங்கு கூடுவதில்லை. வரம்பு முழுவதும் கீழே நகர்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகமும் குறைகிறது. சாலையிலோ நிலைமை வேறு. அங்கே நீங்கள் 3000-க்கும் 5000-க்கும் நடுவில்தான் வாழ்கிறீர்கள், ஒவ்வொரு 200 ஆர்பிஎம்மும் காலுக்குத் தெரியும். எவோ 9-இல் இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் மிவெக் இருப்பதால் அந்த லாபத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. முந்தைய எவோக்களின் அனுபவத்தை வைத்துச் சொல்லப்படும் ஸ்பூல் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டர்பைன் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய எஞ்சின் அதே பவரைக் குறைந்த பூஸ்ட்டில் தருகிறது. ஆனால் எக்ஸாஸ்ட்டில் போகும் வாயுவின் எடை குறையவில்லை. சிறிய டர்பைன் ஹவுசிங் என்றால் அங்கே பின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இன்டேக் அழுத்தத்துக்கும் பின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம் மோசமாகி, எரிந்த வாயு சிலிண்டரிலேயே தங்கிச் சூடேற்றி, மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் திணறும். இதைத் தவிர்க்க ஹவுசிங்கை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும்; ஸ்பூலில் பெற்றதில் ஒரு பகுதியை அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். நல்ல செய்தியும் உண்டு. பெரிய கம்ப்ரஸர் போட்ட 2.0 எஞ்சின் நடு ஆர்பிஎம்மில் சர்ஜ் கோட்டை, அதாவது கம்ப்ரஸரில் காற்று பின்வாங்கத் தொடங்கும் எல்லையை, உரசும் இடத்தில், கூடுதல் காற்றை விழுங்கும் எஞ்சின் அதைவிட்டு விலகி நிற்கும்.

சிலிண்டர் ஹெட்டும் கேமும் அதே. போர்ட்டில் காற்றின் வேகம் கொள்ளளவோடு ஏறும், 2.0-க்குச் சரியாக இருந்த கேம் 2.3-இல் ஓர் அளவு சிறியதைப்போல நடந்துகொண்டு உச்சத்தைக் கீழே இழுக்கும். 7600-இல் நிறுத்தப்போகும் எஞ்சினுக்கு இது குறையே அல்ல. கம்ப்ரஷனை, அதாவது கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, மட்டும் மறந்துவிடாதீர்கள். கம்பெனி விகிதம் 8.8-க்கு 1. ஹெட்டையும் குழிவையும் அப்படியே விட்டு 100 மி.மீ. ஸ்ட்ரோக் போட்டால் அது 9.9-ஐத் தொட்டுவிடும். பழைய விகிதத்தைக் காக்க ஒரு சிலிண்டருக்கு 8.7 சிசி கூடுதல் இடம் பிஸ்டன் தலையில் குடைய வேண்டும்; ஏற்கெனவே 29 மி.மீ.க்குக் குறுகிப்போன பிஸ்டனில். 94-க்கு இதில் பாதி போதும்.

டார்க்கைத் தாங்க வேண்டியவை எஞ்சினுக்குப் பின்னாலும் இருக்கின்றன. கிளட்ச், கியர்பாக்ஸின் பற்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க் மட்டுமே தெரியும். 3800 ஆர்பிஎம்மில் திடீரென்று வந்து இறங்கும் 600 நியூட்டன் மீட்டர், 7000-இல் வரும் 450-ஐவிடப் பற்களுக்குக் கொடியது. தாழ்ந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் ராடை வளைப்பதற்கும் நாக்கிங் தொடங்குவதற்கும் வசதியான இடம் என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள். எந்த க்ராங்க் போட்டாலும் 4500 வரை பூஸ்ட்டைப் படிப்படியாக ஏற்றும்படி டியூனரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வி வேறாக இருந்திருந்தால் பதிலும் வேறாக இருந்திருக்கும். எத்தனால் அல்லது மெத்தனாலில், நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் (drag) ரேஸ் கார் என்றால் நாக்கிங் கூரை உயரே போய்விடும். எல்லை ஆர்பிஎம் மட்டுமே. அங்கே 88 மி.மீ. க்ராங்கையே வைத்து, 235 மி.மீ. உயரமுள்ள 4ஜி64 பிளாக்கில் 156 மி.மீ. ராடு போட்டு, 86.5 மி.மீ. போரில் 2.07 லிட்டராக்கிச் சுழலவிடுவேன். பிஸ்டன் உயரம் 35-லேயே நிற்கும், ராடின் சாய்வும் குறையும். டைமிங் பெல்ட்டை மட்டும் நீளமாக்க வேண்டும். மறுபுறம், காற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பந்தயம் என்றால் 100 மி.மீ.தான். உலக ரேலியில் 1995 முதல் இருந்த 34 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்று நுழையும் வழியைச் சுருக்கும் வளையம், நொடிக்கு சுமார் 0.22 கிலோவுக்கு மேல் காற்றை விடாது. டர்போ எதுவானாலும் பவர் 300 குதிரைத்திறனை ஒட்டி நின்றுவிடும். அதைத் தாழ்ந்த ஆர்பிஎம்மில் அகலமாகப் பரப்புபவரே வேகமானவர். 1996 முதல் 1999 வரை டாமி மாக்கினன் நான்கு பட்டங்களை லான்சரில் வென்றபோது இரண்டு லிட்டர் வரம்பு இருந்ததால் கொள்ளளவைக் கூட்ட வழியில்லை. அந்த வரம்பு இல்லாமல் ரெஸ்ட்ரிக்டர் மட்டும் இருக்கும் போட்டிகளில் நீள ஸ்ட்ரோக்கை விடக்கூடாது.

நீங்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். க்ராங்க் எப்படியும் வாங்க வேண்டியிருப்பதால் 94-க்கான கூடுதல் செலவு பெரும்பாலும் பிஸ்டனிலும் பிளாக் வேலையிலும்தான். ராடு 150 மி.மீ.யிலேயே இருக்கட்டும், போல்ட் மட்டும் தரத்தில் ஒரு படி மேலே. க்ராங்க் கைக்கு வந்ததும் பிஸ்டனை ஆர்டர் செய்துவிடாதீர்கள். முதலில் பிளாக்கின் மேல்தளத்தைச் சமன்செய்து உண்மையான உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய பிளாக்குகள் 229-க்குச் சற்றுக் குறைந்திருக்கும். ஒரு ராடையும் க்ராங்கையும் தளர்வாகப் பூட்டிக் கையால் சுற்றி, ராடு போல்ட்டின் தலை சிலிண்டரின் கீழ்விளிம்பையும் ஆயில் பீய்ச்சும் குழாயையும் எங்கே நெருங்குகிறது என்று குறித்துக்கொண்டு, ஒன்றரை மி.மீ. இடைவெளி வரும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். அளந்த உயரத்திலிருந்து 47-ஐயும் 150-ஐயும் கழித்து வரும் எண்ணைப் பிஸ்டன் செய்பவரிடம் கொடுங்கள். க்ராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர், டாம்பர் நான்கையும் ஒன்றாகப் பூட்டிய நிலையில் பேலன்ஸ் செய்யச் சொல்லி, ரெவ் லிமிட்டரை 7600-இல் வைத்துவிடுங்கள்.